பிறந்த வீட்டுச் சம்மதம்

கோட்டையூர் தேனப்பன் முப்பது வருடமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மனம் நோகாமல் அவரை அவருடைய சாவுக்கு மறுநாள் வரை கூட்டிக்கொண்டு போய்விட்டு, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அந்தத் தொழில். “ஆண்டவன் புண்ணியத்துல ஒண்ணும் ஆகாது. ஆனா, ஒருவேளை...” என்று இழுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து மாட்டுவதற்குள் எதிரில் இருப்பவர் தன் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்பதை மனதுக்குள் பார்த்து முடித்திருப்பார். பாலிசியில் கையெழுத்து விழுந்துவிடும்.

அவர் மனைவி சிட்டாளுக்கு இந்தத் தொழில் ஒரு தமாஷ். “ஊர்ல உள்ள ஆம்பளைகளையெல்லாம் பொணமா நெனச்சுப் பாத்தே நம்ம வீட்டு உலை கொதிக்குது” என்பாள், வந்தவர் காதுபடவே. அவள் வாய்க்குக் கோட்டையூரில் எதிர்வாய் கிடையாது. அவளிடம் பேசி ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தெருமுனை வரை போனவர்கள் உண்டு. அங்கே போன பிறகுதான் தோற்றது உறைக்கும். தேனப்பன் கல்யாணமான புதிதிலேயே இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்துவிட்டார். வீட்டில் எந்தக் காரியமானாலும் அவள் சொன்னதுதான். அது இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் காரைக்குடியில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் உட்கார்ந்து, பாயசத்துக்கு வெல்லம் காணாது என்று பக்கத்து இலைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தவள், சொல்லி முடிக்காமலே இலைமேல் சாய்ந்தாள். இதயம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நெஞ்சை அமுக்கி, மின்சாரம் வைத்து இதயத்தை ஓடவைத்தார்கள். அதற்குள் மூளை ரத்தமில்லாமல் கெட்டது கெட்டதுதான். மூச்சு தானாக வந்தது. கண் திறந்தது. காலையில் விழிப்பாள், இரவில் தூங்குவாள், கொட்டாவிகூட விடுவாள். ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை. பெற்ற மகள் முகத்துக்கு நேரே நின்று அழுதபோதும் அந்தக் கண் மகளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தது. மதுரையிலும் சென்னையிலும் பெரிய டாக்டர்கள் பார்த்துவிட்டு ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். உடம்பு இருக்கும், ஆள் வரமாட்டாள்.

விழுங்கத் தெரியாததால் வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைக்கவேண்டும் என்றார்கள். தேனப்பன் யோசிக்கவே இல்லை. பெண்டாட்டிக்குச் சோறு போடுவதற்கு எவனாவது யோசனை கேட்பானா? கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து வடிகட்டின கஞ்சியும் பாலும் மாவுக் கரைசலும் அந்தக் குழாய் வழியாகத்தான் இறங்கின.

வீடு என்னவோ பெரிய வீடுதான். முன்தெருவில் ஒரு வாசல், பின்தெருவில் ஒரு வாசல். ஆனால் அதில் தேனப்பனுக்குப் பங்கு இரண்டு அறை. அந்த அறை வாசலில் ஆஸ்பத்திரிக் கட்டில் நுழையமாட்டேன் என்றது. மலேசியாவில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர் என்று பங்காளிகளையெல்லாம் போனில் பிடித்து, பொதுவில் உள்ள இரண்டாங்கட்டில், முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், கட்டிலைப் போட்டுக்கொள்ளச் சம்மதம் வாங்கினார். “கொஞ்ச நாளைக்குத்தானே, போட்டுக்கிருங்க” என்றார்கள். கொஞ்ச நாள் நான்கு வருடமாயிற்று. சினிமா ஷூட்டிங்குக்கு வீடு பார்க்க வந்தவர்கள் இரண்டாங்கட்டு வரை சத்தமாகப் பேசிக்கொண்டே வந்து, கட்டிலைப் பார்த்ததும் காலடியோசை இல்லாமல் திரும்பிப் போனார்கள்.

பகலில் பார்த்துக்கொள்ளப் பொன்னழகு என்று ஒருத்தி வந்தாள். படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்த்துப் பழக்கப்பட்ட கை. புரட்டிப் போடுவது, துடைப்பது, துணி மாற்றுவது, தலைமாட்டை உயர்த்திக் குழாயில் ஊற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. ராத்திரி தேனப்பன் பொறுப்பு. பொன்னழகு நல்லவள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிட்டாள் சேலை மாற்றும்போது பெற்ற மகளைக்கூட அறைக்குள் விடாதவள். தன் தலையை இன்னொருத்தி வாரவிடாதவள். அவளை இப்போது யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் புரட்டலாம். இதுதான் தேனப்பனுக்குத் தாங்கவில்லை. பொன்னழகு துணியை விலக்கும்போதெல்லாம் எழுந்து பின்வாசலுக்குப் போய்விடுவார்.

பேச்சை முதலில் எடுத்தவள் மகள் நித்யஸ்ரீதான். பெங்களூரில் வேலை, கல்யாணமாகி அங்கேயே குடித்தனம். ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

“அப்பச்சி, ஆத்தாவை விட்ருவோமா?”

“எங்குட்டு விடுறது? பஸ் ஸ்டாண்டுலயா?”

“கோவப்படாதீக. குழாயை எடுக்குறதுக்கு முறையா வழி இருக்கு. டாக்டர்க சேந்து முடிவு பண்ணுவாக. ஆத்தாவே சொல்லியிருக்காக அப்பச்சி. பக்கத்து வீட்டு ஐயா படுக்கையில கெடந்தப்ப, இப்புடிக் கெடக்குறதுக்கு நான் செத்துப் போயிருவேன்னு சொன்னாக. நான் கேட்டேன்.”

“உங்க ஆத்தா ஆறின காப்பியைக் குடிக்கிறதுக்கும் செத்துப் போகலாம்னு சொன்னவதான். அதுல எதை எடுத்துக்கிறது, எதை விடுறது?”

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். தேனப்பன் வாழ்க்கையில் ஜெயித்த ஒரே வாக்குவாதம் அதுவாகத்தான் இருக்கும். ஜெயித்த சந்தோஷம் துளிகூட இல்லை. அந்தத் தடவை அவள் ஊருக்குக் கிளம்பும் வரை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் மனதைத் திருப்பியது மகளின் நியாயம் அல்ல. மாசி மாதம் சிட்டாளுக்கு நெஞ்சில் சளி கட்டி, காரைக்குடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தார்கள். அவள் முகம் கோணியது, உடம்பு விறைத்து மேலே எழும்பியது, கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. “அவங்களுக்கு எதுவும் தெரியாது ஐயா. உடம்பு தானா அப்படிச் செய்யுது” என்றார் டாக்டர் தீபலட்சுமி. ஆறுதலாகத்தான் சொன்னார்.

தேனப்பன் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். தெரியாது என்றால், இதையெல்லாம் யாருக்காகச் செய்கிறோம்? ஒருவேளை தெரிகிறது என்றால், நான்கு வருடமாக அவளை என்ன செய்துகொண்டிருக்கிறோம்? இந்தப் பக்கம் போனாலும் இடித்தது, அந்தப் பக்கம் போனாலும் இடித்தது. ஊராருக்கெல்லாம் ‘ஒருவேளை’ சொல்லிப் பழகியவர், அன்றைக்கு அந்தச் சொல்லைத் தனக்கே சொல்லிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சிட்டாளை வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரிடம் அவரே கேட்டார். டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். டில்லியில் பெரிய கோர்ட் வகுத்த முறை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் குழு பார்க்கும். அதற்குப் பிறகு வெளி டாக்டரும் சேர்ந்த இன்னொரு குழு தனியாகப் பார்க்கும். இரண்டும் ஒத்துக்கொண்டால், குடும்பம் எழுதிக் கொடுத்தால், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டுக் குழாய் உணவை நிறுத்தலாம். ஆஸ்பத்திரியிலேயே வைத்து, வாய் காயாமல் நனைத்து, வேதனை ஏதும் இருந்துவிடக்கூடாதே என்று அதற்கும் மருந்து கொடுப்பார்கள்.

“சோத்தை நிறுத்துறதுன்னுதானே அர்த்தம்?” என்றார் தேனப்பன்.

“சோறுன்னா வாயில வச்சா ருசி தெரியணும் ஐயா. இது மருத்துவம். அவங்களைக் குணப்படுத்தாத மருத்துவம்” என்றார் டாக்டர். “கணவர் நீங்க, மகள் ஒருத்தி. உங்க ரெண்டு பேர் சம்மதம் இருந்தா போதும்.”

“அவ அண்ணன் இருக்காக.”

“சட்டப்படி அவரைக் கேட்கணும்னு இல்லை.”

தேனப்பன் சிரித்துவிட்டார். டாக்டர் வெளியூர்க்காரர், பாவம். “அம்மா, எங்க பக்கத்துல ஒருத்தி இறந்துட்டா, பொறந்த வீட்டுல இருந்து அண்ணன் தம்பி கோடிச் சேலை கொண்டுவந்து போத்தணும். அது வராம பொணத்தை எடுக்க மாட்டோம். பொணம் எடுக்கவே அவகளைக் கேக்கணும். உசுரை எடுக்குறதுக்குக் கேக்காம இருக்க முடியுமா?”

சிட்டாளின் அண்ணன் நாராயணன் ஒக்கூரில் இருந்தார். தங்கை மேல் உயிர். மாதம் தவறாமல் ஒரு டப்பா மாவுருண்டையோடு வருவார். அவளுக்குப் பிடித்த பலகாரம். தலைமாட்டில் வைத்துவிட்டு, “சிட்டா, அண்ணன் வந்துருக்கேன்” என்று சொல்லி, கொஞ்ச நேரம் தேவாரம் சொல்லிவிட்டுப் போவார். மாவுருண்டையைப் பொன்னழகு வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கொண்டுவருவார்.

குழாய் விஷயத்தை நித்யஸ்ரீ ஏற்கெனவே போனில் அவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். அவர் கத்திய கத்தலில் அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். “ஊர் ஊருக்குச் சத்திரம் கட்டி வழிப்போக்கனுக்கெல்லாம் சோறு போட்ட சனம்டி நம்ம சனம். வீட்டுக்குள்ள கெடக்குற பொம்பளையைப் பட்டினி போட்டுக் கொல்லுவீகளா? என் தங்கச்சி உசுரோட இருக்கா. அவளைத் தொட்டீகன்னா, என் வீட்டுப் படி ஏறாதீக” என்றிருந்தார். இதையெல்லாம் கேட்ட பிறகும் தேனப்பன் ஒக்கூருக்குப் போவதென்று முடிவு செய்தார். மச்சான் சம்மதித்தால் மட்டுமே டாக்டரிடம் சரி சொல்வது. அவர் மறுத்தால் பேச்சையே விட்டுவிடுவது. அப்படித் தனக்குத்தானே ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

நாள் பார்த்துப் போவதா, பார்க்காமல் போவதா என்பதிலேயே குழப்பம் தொடங்கிவிட்டது. நல்ல காரியம் கேட்கப் போனால் நாள் பார்த்து, பழம் வாங்கிக்கொண்டு போகவேண்டும். கேதம் சொல்லப் போனால் நாளும் கிடையாது, பழமும் கிடையாது. வெறுங்கையோடு போய், படி ஏறாமல் நின்று, தண்ணீர்கூடக் குடிக்காமல், சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டுத் திரும்பவேண்டும். இந்தக் காரியம் இதில் எதில் சேர்த்தி? பிறந்த அன்றிலிருந்து சாம்பல் கரைக்கிற வரை ஒவ்வொன்றுக்கும் முறை வகுத்து வைத்த முன்னோர்கள், இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கினார். மாமனார் வீட்டுக்கு அவர் ஒருநாளும் வெறுங்கையோடு போனதில்லை. பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு, ஒக்கூர் நெருங்க நெருங்கப் பை கனத்தது. தங்கையை முடித்துவைக்க அண்ணனிடம் ஆப்பிள் கொடுத்துச் சம்மதம் கேட்கிறதா? நினைக்கவே கூசியது. பக்கத்து சீட்டில் கைப்பிள்ளையோடு இருந்த பெண்ணிடம் பையை அப்படியே கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். அந்தப் பெண் மிரண்டுபோய் வாங்கிக்கொண்டாள்.

நாராயணனின் மனைவி உமையாள் ஆச்சி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் தேனப்பன் நின்றதைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“வாங்க, வாங்க. என்ன அங்கேயே நின்னுட்டீக? உள்ள வாங்க.”

“இருக்கட்டும் ஆச்சி.” படி ஏற அவருக்குக் கால் வரவில்லை. மச்சான் போட்ட தடை காதில் நின்றது. கேட்க வந்ததைக் கேட்டு, அவர் ‘வா’ என்றால் ஏறலாம் என்று நினைத்தார்.

“வெயில்ல வந்துருக்கீக. தண்ணியாவது குடிங்க.” செம்பை நீட்டினாள்.

“வேணாம் ஆச்சி. மச்சான் இருக்காகளா? ஒரு விசயம். சொல்லிட்டுப் போயிர்றேன்.”

உமையாள் ஆச்சி அவர் கையைப் பார்த்தாள். இரண்டு கையும் வெறுங்கை. படிக்கு வெளியே நிற்கும் காலைப் பார்த்தாள். வாங்காத தண்ணீரைப் பார்த்தாள். செம்பு கையிலிருந்து விழுந்து உருண்டது.

“அடி ஆத்தே! சிட்டா போயிட்டாளே!”

அந்த ஓலம் தெருவின் இரண்டு கோடியையும் எட்டியது. எதிர்வீட்டில் கதவு திறந்தது, பக்கத்து வீட்டில் டிவி நின்றது. “இல்லை ஆச்சி, இல்லை” என்று தேனப்பன் சொன்னது அவருக்கே கேட்கவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து நாராயணன் வந்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. தேனப்பனைப் பார்த்தார். அப்படியே உள்வாசல்படியில் உட்கார்ந்து, எச்சில் கையோடு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

“பழனியாண்டவா! இப்பவாச்சும் கண்ணைத் தொறந்தியே. எந்தங்கச்சியை விட்டியே. நாலு வருசமா ஒன்னையக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்.”

தேனப்பன் வாயில் இருந்த ‘இல்லை’ வாயிலேயே நின்றுவிட்டது. மச்சான் முகத்தில் இப்படி ஓர் ஆறுதலை அவர் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குள்ளும் என்னவோ அவிழ்ந்தது. சிட்டாள் செத்துப்போனாள் என்று சுற்றிலும் எல்லாரும் அழ, அவரும் அதை ஒரு கணம் நம்பினார். நம்பினதும் அழுகை வந்தது. குலுங்கிக் குலுங்கி, மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான்கு வருடத்தில் அவர் ஒருநாளும் இப்படி அழுததில்லை. உயிரோடு இருப்பவளுக்காக எப்படி அழுவது? பாயசம் சரியில்லை என்று சொன்ன வாயையும், தன்னைக் கேலி செய்த குரலையும், முப்பது வருடம் தன்னை ஒரு வாக்குவாதத்திலும் ஜெயிக்க விடாத அந்த மனுஷியையும் அன்றைக்குத்தான் அவர் பறிகொடுத்தார்.

அழுகையைப் பார்த்தபின் யாருக்குச் சந்தேகம் வரும்? எதிர்வீட்டுக்காரர் போனை எடுத்து இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டார். அந்த இரண்டு பேரும் தலைக்கு நாலு பேருக்குச் சொன்னார்கள்.

நாராயணன் எழுந்து வந்து தோளைத் தொட்டார். “அழுவாதீக மாப்பிள்ளை. நீங்க பாத்த மாதிரி யாரும் பாக்க முடியாது. எப்பப் போனா?”

“போகலை மச்சான்” என்றார் தேனப்பன். “இருக்கா. நான் கேதம் சொல்ல வரலை. குழாயை எடுக்கச் சம்மதம் கேக்க வந்தேன்.”

தோளிலிருந்த கை விலகியது. நாராயணன் முகம் கறுத்தது. “இதுலயா விளையாடுவீக? வெறுங்கையோட வந்து, வாசல்ல நின்னு... என் வாயால அவளைச் சாகடிக்க வச்சுட்டீகளே!”

உமையாள் ஆச்சி அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே குறுக்கே வந்தாள். “அவுகளை ஏன் சத்தம் போடுறீக? அலறினது நான். அது என் புத்தி. ஆனா நீங்க சாமியைக் கும்புட்டீகளே, அது யாரு புத்தி? அவ போயிட்டான்னதும் கும்புட்டீகளா இல்லையா?”

நாராயணன் முற்றத்துக் குழாயடியில் போய்க் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டுக்காரர் விஷயம் புரிந்து, போன் செய்தவர்களுக்கெல்லாம் மறுபடி போன் செய்ய ஆரம்பித்தார்.

“மறைக்கலை மாப்பிள்ளை” என்றார் நாராயணன் திரும்பி வந்து. குரல் இறங்கியிருந்தது. “சாமி எடுத்துக்கிட்டா கும்புடுவேன். மனுசன் எடுத்தாக் கொலைங்கிறேன். ரெண்டும் ஒண்ணுதானேன்னு கேப்பீக. எனக்கு ஒண்ணாத் தெரியலை. நான் என்ன செய்ய?”

தேனப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வயித்துல குழாயை வச்சது சாமியா மச்சான்? நான் வச்சேன். யோசிக்காமக் கையெழுத்துப் போட்டேன். சாமி கல்யாணப் பந்தியிலேயே அவளைக் கூப்பிட்டுருச்சு. நாமதான் குறுக்க விழுந்து பாதியைப் பிடிச்சு வச்சுக்கிட்டோம். வைக்கிறதுக்கு மனுசன், எடுக்குறதுக்கு மட்டும் சாமி வரணுமா?”

மிளகாய்க் காரம் காற்றில் ஏறி எல்லாரும் இருமினார்கள். கடைசியில் நாராயணன் கீழே கிடந்த செம்பை எடுத்து மனைவியிடம் கொடுத்தார்.

“சரின்னு என் வாய் சொல்லாது மாப்பிள்ளை. அதை மட்டும் கேக்காதீக. நாள் நெருங்குனா சொல்லி அனுப்புங்க. நான் வந்து அவ பக்கத்துல இருக்கேன். கோடி நான் எடுத்து வைக்கிறேன்.” மனைவியைப் பார்த்து, “மாப்பிள்ளைக்குத் தண்ணி கொண்டா” என்றார்.

தேனப்பன் படியேறி உள்ளே போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்தார். பிறந்த வீட்டுச் சம்மதம் கிடைத்துவிட்டது.

அவர் கோட்டையூர் திரும்பியபோது வீட்டு வாசலில் கூட்டம். ஒக்கூர்ச் செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அதை மறுத்த செய்தி வந்து சேரவில்லை. பொன்னழகு வாசலை மறித்துக்கொண்டு, “ஆச்சி நல்லாத்தான் இருக்காக, போங்க, போங்க” என்று விரட்டிக்கொண்டிருந்தாள். மாலையோடு வந்திருந்த ஒருவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “சும்மா இந்தப் பக்கம் வந்தேன்” என்றார்.

மறுநாள் காலையில் நித்யஸ்ரீ வந்து இறங்கினாள். செய்தி பெங்களூர் வரை போயிருந்தது. பொய் என்று தெரிந்த பிறகும் அவளுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. வந்ததும் கட்டிலருகே போய் அம்மாவின் மடங்கிய விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தேனப்பன் காப்பி கொண்டுவந்து கொடுத்து, அம்மான் சொன்னதைச் சொன்னார். மகள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார்.

“வேண்டாம் அப்பச்சி” என்றாள் அவள்.

“என்னது?”

“குழாயை எடுக்க வேண்டாம். இப்படியே இருக்கட்டும். பொய்னு தெரியிறதுக்குள்ள எனக்கு ஆத்தா செத்துப் போயிட்டாக. விட்ருவோம் விட்ருவோம்னு சொன்னவளே நான்தான். நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன். என்னால தாங்க முடியலை. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

தேனப்பன் திகைத்துப் போனார். இது என்ன கூத்து? மறுத்தவர் இறங்கி வந்தால் சொன்னவள் மறுக்கிறாள். கோபம்கூட வந்தது. ஆனால் எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் வரை காத்திருப்பது அவர் தொழில் கொடுத்த பழக்கம். காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

“எது தாங்கலை தாயி? ஆத்தா போனதா?”

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் உடைந்தது. “நான் இல்லாதப்பப் போனது. ஆபீஸ்ல எதுக்கோ சிரிச்சுக்கிட்டு இருந்தேன் அப்பச்சி. அப்பத்தான் போன் வந்துச்சு.”

“சாமி யாருக்கும் சொல்லிட்டு வர்றதில்லை” என்றார் தேனப்பன். “இன்னொரு சளி வந்து, நீ அங்க சிரிச்சுக்கிட்டு இருக்குறப்பவே இவ போயிரலாம். நான் கடைக்குப் போயிருக்குறப்பப் போயிரலாம். நாம செஞ்சா, சொல்லிட்டுச் செய்யலாம். நீ கையைப் பிடிச்சுக்கிட்டு இரு. அம்மான் தேவாரம் சொல்லட்டும். நான் இருக்கேன். எல்லாரும் இருக்குறப்பப் போகட்டும்.”

நித்யஸ்ரீ அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டார். காப்பி ஆறிப்போயிற்று. பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சரி அப்பச்சி” என்றாள். எழுந்தவள் நின்று, “ஆத்தாகிட்ட யாரு சொல்றது?” என்று கேட்டாள்.

தேனப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டரிடம் கேட்டார், மகளிடம் வாதாடினார், பஸ் ஏறிப் போய் மச்சான் வாசலில் நின்றார். படுத்திருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரு படி அரிசிகூட வாங்கினதில்லை.

“நான் சொல்றேன்” என்றார்.

மகள் பின்வாசல் பக்கம் போனாள். தேனப்பன் நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். சிட்டாள் விழித்திருந்தாள். பொன்னழகு வாரிவிட்ட தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

“சிட்டா, நான்தான். ஒரு முடிவு எடுத்துருக்கோம். நீதான் எப்பவும் முடிவு எடுப்பே, இந்தத் தடவை நாங்க எடுத்துட்டோம். குழாயை எடுத்துறலாம்னு இருக்கோம். எடுத்தா நீ செத்துப் போயிருவே. அதை நான் மழுப்பலை. உங்கண்ணன் வந்து கூட இருக்கேன்னுட்டாக. புள்ளையும் வந்துருக்கா. உன்னைப் பாத்துக்கச் சலிச்சுப் போய் இதைச் செய்யலை. இன்னும் எத்தனை வருசம்னாலும் பாப்பேன். நீ இப்படி இருக்க மாட்டேன்னுதான் செய்யிறேன். தப்புன்னா என் தலையில இருக்கட்டும்.”

சிட்டாளின் கண் சுவரிலிருந்து நகர்ந்து வந்தது. அவர் முகத்தின் மேல் ஊர்ந்து, நிற்காமல், அந்தப் பக்கத்துத் தூணுக்குப் போயிற்று.

“வேண்டாம்னா இப்பச் சொல்லிரு. ஒரே வார்த்தை. நீ சொல்லி நான் என்னைக்கு மீறியிருக்கேன்?”

துணி மாற்ற வந்த பொன்னழகை வெளியே இருக்கும்படி கையைக் காட்டினார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான்கு வருடமும் இருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தார்.